மழை இறங்காத பூங்கா

மரைக்காயர் என்னை அனுப்பியதற்குக் காரணம், நான் மண்ணைத் தின்று பார்க்கிறவன் என்பதுதான். கொழும்பில் ஒரு பூங்காவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புது மண் வண்டியில் வந்து இறங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். உப்பு இருக்கிறதா, உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்தப் பழக்கத்தைக் கண்டு கூலியாட்கள் சிரிப்பார்கள். மரைக்காயர் மட்டும், "எப்படி இருக்கு தம்பி, தொட்டுக்க ஏதும் வேணுமா?" என்று கேட்பார்.

அவருக்குக் கொழும்பில் துணிக்கடை. சாயங்காலம் கடையை மகன்களிடம் விட்டுவிட்டுப் பூங்காவுக்கு வருவார். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கிழவர்களானோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. பகலில் நடந்ததை அவரிடம் சொன்னால்தான் அது நடந்ததாகவே எனக்குக் கணக்கு. அவர் படுக்கையில் விழுந்த பிறகு பெஞ்சை விட்டுவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டேன்.

ராமநாதபுரத்துக் கடற்கரையில் இருக்கிறது அவருடைய சொந்த ஊர். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அங்கே அவரைப் பெற்ற உம்மாவுக்கு ஒரு மனை இருந்தது. அதன் நடுவில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றிலும் உப்புக் கடல், நடுவில் இளநீர் போல ஒரு கிணறு என்றால் அதன் அருமை கடற்கரைக்காரர்களுக்குத்தான் தெரியும். உம்மா இறந்த பிறகு அந்த மனையை ஊருக்கே எழுதிக் கொடுத்து, கொழும்பில் பார்த்தது போல ஒரு பூங்கா போடுங்கள் என்று பணமும் அனுப்பியிருந்தார் மரைக்காயர்.

"ஊருலேருந்து வாரவன் எல்லாம் பூங்கா ஜோரா இருக்குங்கிறான். ஒருத்தன்கூடக் கெணத்துத் தண்ணியப் பத்திப் பேச மாட்டேங்கிறான். அவனுக கண்ணால பாத்துட்டு வாரானுக. நீ போய் மண்ணத் தின்னு பாத்துட்டு வா தம்பி" என்றார். நான் எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் வந்துரு" என்றார்.

இப்படித்தான் நான் ஆவணி மாதத்தில் கப்பலேறினேன். என் தகப்பனார் பிறந்தது ராமநாதபுரத்துச் சீமைதான். ஆனால் நான் அந்தக் கரையில் கால் வைத்ததில்லை.

கப்பலில் எனக்குப் பக்கத்தில் புத்தகயாவுக்குப் போகிற சிங்கள யாத்திரிகர்கள் இருவர். தனுஷ்கோடி தெரிந்ததும் ஒருவர் மற்றவரிடம், "இங்கே மண்ணே இல்லையே, வெறும் மணல்தானே? இந்த மனிதர்கள் எதில் கால் ஊன்றி நிற்கிறார்கள்?" என்று கேட்டார். மற்றவர், "நம்பிக்கையில்தான்" என்றார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. மரைக்காயரிடம் சொல்ல ஒன்று கிடைத்தது என்று அதை முடிந்து வைத்துக்கொண்டேன்.

ரயில் பாம்பனில் நின்றுவிட்டது. பாலத்தின் மேல் காற்று பலமாக அடிப்பதால் வண்டியை விட மாட்டார்களாம். காற்று தணிகிற வரையில் பெட்டிக்குள் மணல் வந்து நிறைந்தது. பல்லில் நறநறத்தது. எதிரில் இருந்த அம்மாள் தூக்குச் சட்டியைத் திறந்து இட்லியும் மிளகாய்ப் பொடியும் கொடுத்தாள். ராமநாதபுரத்துக்கு உள்ளே ஏதோ ஒரு கிராமத்துக்காரி. இட்லியோடு சேர்த்து விசாரணையையும் ஆரம்பித்தாள்.

"எங்கிட்டு இருந்து வாரீக?"

"கொழும்பு."

"யாரு வீட்டுக்குப் போறீக?"

"யார் வீட்டுக்கும் இல்லை. ஒரு பூங்காவைப் பார்க்கப் போகிறேன்."

அவள் பக்கத்தில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "பூங்காவப் பாக்கக் கடல் தாண்டி வாராகளாம்ல" என்றாள் மெதுவாக. அதன் பிறகு எனக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். புத்தி சரியில்லாதவன் என்று நினைத்து வைத்தாளோ, ஆளற்றவன் என்று நினைத்து வைத்தாளோ தெரியாது. இட்லி நன்றாக இருந்தது.

ஊர் போய்ச் சேர்ந்ததும் முதலில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு கிளாசை வைத்தேன்.

"அண்ணே, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டுவிட்டீர்களா?"

"உப்புக்குத் தனியாக் காசு வாங்குறதில்ல" என்றார் கடைக்காரர். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரே சொன்னார்: "முந்தி இங்கன டீ குடிக்க ராமநாதபுரத்துலருந்து ஆளு வரும். மரைக்காயர் கெணத்துத் தண்ணி அப்படி. புண்ணியவான் பூங்கான்னு ஒண்ணு போட்டாரு பாருங்க, கெணறு போச்சு."

புண்ணியவான் என்ற சொல்லை அவர் சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது. அந்த டீயை நான் குடித்து முடித்தேன். மரைக்காயருக்காக அதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

மரைக்காயரின் தங்கை வீடு அதே ஊரில்தான். அவள் புருஷன் செய்யது நல்ல மனிதர். ஒரு மளிகைக் கடை மாடியில் எனக்கு அறை பிடித்துக் கொடுத்து, மூன்று வேளையும் வீட்டிலிருந்து சாப்பாடு அனுப்பினார். முதல் நாள் என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார். தங்கை கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு அண்ணனைப் பற்றி, "எங்க காக்கா எப்படி இருக்காக? சோறு எறங்குதா?" என்று கேட்டாள். இறங்குகிறது என்றேன். அது பாதி பொய். இனிப்புக்கு வட்டிலாப்பம் வந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த குரலும் மரைக்காயர் குரலும் ஒரே வார்ப்பு என்பதால் தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் காலையில் பூங்காவைப் பார்க்கப் போனேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்த இடம் பளபளவென்று இருந்தது. ஒரு புல் இல்லை, ஒரு சருகு இல்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தரை வழவழவென்று, ஒரே மட்டமாக, இரும்புச் சட்டி போல இறுகிக் கிடந்தது. ஓரத்தில் வேப்பங்கன்றுகள் வரிசையாகக் காய்ந்து நின்றன. சுவரோரத்தில் நின்ற பெரிய வேம்பும் புங்கமும் மட்டும் பழைய காலத்தவை என்பதால் பிழைத்திருந்தன. நடுவில் கிணறு. ஒரு பெண் வாளியில் சாணியைக் கரைத்துத் தரை முழுவதும் தெளித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவர்தான் கருப்பையா, அவள் அவர் மனைவி வெள்ளையம்மாள். கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர்ச் சம்சாரிகள், உழுது பிழைக்கிறவர்கள். மழை பொய்த்துப் போனதால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுப் பிழைக்க வந்தவர்கள். பஞ்சாயத்தில் அவர்களைக் கூப்பிட்டு, கண்மாயில் வெட்டிய கரம்பை மண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டி, "நாலு பேர் வந்து உக்காருற எடம், நல்லா சுத்தமாத் தரை போடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். சம்சாரிக்குத் தெரிந்த நல்ல தரை ஒன்றுதான். நெல் அடிக்கிற களம். கருப்பையா கரம்பையைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கி, சாணி மெழுகி, அந்தச் சீமையிலேயே இல்லாத களம் ஒன்றைப் போட்டுவிட்டார். போட்டதோடு விடவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் மூலையில் குடிசை போட்டுக்கொண்டு அதைத் தினமும் தெளித்துக் கூட்டிப் பேணி வந்தார்கள்.

"ஒரு மரக்கா நெல்லக் கொட்டி அள்ளிப் பாருங்கய்யா, ஒத்த மணி தரையில நிக்காது" என்றார் கருப்பையா பெருமையாக.

குனிந்து ஒரு துண்டை நகத்தால் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டேன். வெள்ளையம்மாள் வாளியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நல்ல கரம்பை. உப்பு இல்லை. ஆனால் சுட்ட ஓடு போல உயிரில்லாமல் இருந்தது. பிறகு கிணற்றில் ஒரு வாளி இறைத்து ஒரு வாய் குடித்தேன். கரித்தது. விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் கடற்கரையில் நல்ல தண்ணீர் என்பது மேலேயிருந்து வருவது. மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கும். மேலேயிருந்து வரத்து நின்றால் கீழேயிருந்து உப்பு ஏறிவிடும். முன்பு மனை வெறும் மணலாகக் கிடந்தது. மழை பெய்தது, இறங்கியது, கிணறு இனித்தது. இப்போது மனையின் வாயை அடைத்துவிட்டார்கள். கரம்பை கொண்டுவந்தது தப்பே இல்லை. மணலோடு கலந்து, தழை போட்டு, மேலே சருகு விழ விட்டிருந்தால் மண்ணும் மழையைக் குடித்திருக்கும், மரமும் வந்திருக்கும், கிணறும் கெட்டிருக்காது.

கொழும்புப் பூங்காவில் நடுப்பகலிலும் வெறுங்காலோடு நடக்கலாம். மண்ணுக்குள் ஈரம் இருப்பதால் தெருவில் காய்கிற வெயில் அங்கே வந்ததும் தணிந்துவிடும். தெருப் புழுதியும் அங்கேதான் வந்து அடங்கும். அடைமழை பெய்தால் பூங்காவை ஒட்டிய தெருக்களில் மட்டும் தண்ணீர் நிற்காது. இத்தனையையும் செய்வது மரங்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். பாதிக்கு மேல் மண் செய்கிற வேலை. இங்கேயோ பத்து மணிக்கே கால் வைக்க முடியவில்லை. குழந்தைகள் வருவதில்லை. ஆடுகூட வருவதில்லை என்று வெள்ளையம்மாளே சொன்னாள், அதையும் பெருமையாகத்தான் சொன்னாள்.

பஞ்சாயத்துப் பிரசிடெண்டைப் போய்ப் பார்த்தேன். அவர் என்னை உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்: "பூங்கான்னு ஒரு ஈ காக்கா வாரதில்ல. கெணத்துத் தண்ணி வாயில வைக்க வெளங்கல. தரையோ நல்ல கெட்டித் தரை. சிமெண்டப் போட்டு பஸ் ஸ்டாண்டு ஆக்கப் போறோம். மரைக்காயர் பேரையே வச்சுருவோம், அவரு வருத்தப்படாம."

மரைக்காயரின் உம்மாவின் கிணற்றை மூடி அதன் மேல் பஸ் நிற்கப் போகிறது. கட்டிலில் கிடக்கிற மனிதரிடம் நான் போய் இதைச் சொல்ல வேண்டும். அன்று மத்தியானம் செய்யது வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது. மூடிய பாத்திரத்தைத் திறக்காமலே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து வந்த நாட்களில் ஒரு சாயங்காலம் சிறு மழை பிடித்தது. வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்தான் பெய்திருக்கும். பூங்காவில் விழுந்த தண்ணீர் முழுவதும் களத்தில் வழுக்கிக்கொண்டு கதவுக்கு அடியில் புகுந்து, கடைத் தெருவில் ஓடி, அரிசிக் கடைக்குள் நுழைந்து வெளியே வந்து கடலுக்குப் போயிற்று. இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? பிரசிடெண்டைக் கையோடு அழைத்து வந்து காட்டினேன்.

"பார்த்தீர்களா? ஒரு சொட்டு இறங்கவில்லை!"

"அதத்தான்யா நானும் சொல்றேன்" என்றார் பிரசிடெண்டு. "ஒரு சொட்டு நிக்காத எடம். பஸ் ஸ்டாண்டுக்கு இதவிடத் தோதா எங்கிட்டு இருக்கு?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. அரிசிக் கடைக்காரர் மட்டும் நனைந்த மூட்டைகளைக் காட்டிச் சத்தம் போட்டார். அதனால் பிரசிடெண்டு கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஒண்ணு செய்வோம். ஐப்பசியில பெரிய மழை பெய்யும்ல? அன்னைக்கு இந்தத் தண்ணி தெருவுக்கு வராமப் பண்ணிக் காட்டுங்க. பூங்கா இருந்துட்டுப் போகட்டும். வந்துச்சுன்னா மறுநாள் சிமெண்டு எறங்கும். காவா வெட்டித் தண்ணியக் கடல்ல விட்டுருவேன்" என்றார்.

ஊருக்குத் திரும்பலாம் என்றிருந்த நான் ஐப்பசி வரையில் இருக்க வேண்டியதாயிற்று. மரைக்காயருக்கு, "மண் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் வேலை பாக்கி" என்று எழுதினேன்.

கருப்பையாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் கறுத்துவிட்டது. "நான் போட்ட களத்த நானே ஒடைக்கணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டுக் குடிசைக்குள் போய்விட்டார். மறுநாள் அவரே வந்தார்.

"பெய்யுற தண்ணி அம்புட்டும் கடலுக்கா போகுது?"

"அம்புட்டும்."

"எங்க ஊருல ஒரு ஒழவு மழைக்கு வானத்தப் பாத்துப் பாத்துக் கழுத்துச் சுளுக்குனதுதான் மிச்சம். இங்கன பெய்யுறத நான் கடலுக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். பிறகு கடப்பாரையை எடுத்தார். முதல் குத்துக்குத் தரை மணி போல ஒலித்தது. அவருக்கு அது எங்கே வலித்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன்.

கட்டிகளை உடைத்து மணலோடு புரட்டினோம். காட்டிலிருந்து கொளுஞ்சித் தழை கொண்டுவந்து போட்டோம். ஒரு கோனாரைப் பிடித்துச் செம்மறி ஆடுகளைச் சில ராத்திரிகள் பூங்காவில் கிடை போடச் செய்தோம். புழுக்கை எருவுமாயிற்று, குளம்பு கட்டியை உடைத்தும் விட்டது. ஊரார் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "கொழும்பார் ஆட்டுப் பண்ணை வைக்கிறாரா?" என்று கேட்டார்கள். எனக்கு அங்கே கொழும்பார் என்றுதான் பெயர். என் சொந்தப் பெயரை அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை.

இத்தனை செய்தும் ஒருத்தியை என்னால் வெல்ல முடியவில்லை. காலையில் நான் பூங்காவுக்கு வருவதற்குள் வெள்ளையம்மாள் எழுந்து, விழுந்த சருகையெல்லாம் கூட்டித் தள்ளி, புழுக்கையை அள்ளி ஓரத்தில் குவித்து, கட்டிகளை மிதித்துச் சமமாக்கி, சாணி தெளித்து முடித்திருப்பாள். தெளித்த இடமெல்லாம் வெயில் ஏறியதும் மேலே ஏடு படிந்து இறுகிவிடும். நானும் கருப்பையாவும் மறுபடி கொத்துவோம். மறுநாள் அவள் மறுபடி தெளிப்பாள்.

"சருகு கிடக்கட்டும் தாயி. அது மக்கினால்தான் மண்ணுக்குச் சோறு. வெயில் படாமல் மூடிக்கொள்ளும், மழை அடித்துக் கொண்டு போகாது" என்று கெஞ்சுவேன்.

"நீங்க சொல்றது சரிதான்யா. ஆனா நாலு பேரு வார எடம். குப்பையும் கூளமுமாக் கெடந்தா ஊரு என்ன சொல்லும்? இவ கையி வெளங்காத கையின்னு சொல்லாது?"

"சொன்னால் சொல்லட்டும்."

"உங்களுக்கென்ன, கொழும்புக்குப் போயிருவீக. நாங்க இங்கனதான இருக்கணும்" என்பாள். அதோடு நிற்காமல் ஒரு சட்டியில் கேப்பைக் கூழும் கருவாடும் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். "ஒத்த ஆளா உக்காந்து திங்கிறீகளே, எப்படிய்யா சோறு எறங்குது? பேச்சுத் தொணைக்காவது ஒரு ஆளு வேணாமா?"

"இருக்கிறார். கொழும்பில் இருக்கிறார்" என்றேன் ஒரு நாள். அப்போதுதான் அவளுக்கு மரைக்காயரைப் பற்றிச் சொன்னேன். பெஞ்சு, முக்காலி, மண் தின்பதைப் பற்றி அவர் செய்யும் கேலி எல்லாம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். மறுநாள் காலையிலும் தவறாமல் சாணி தெளித்திருந்தாள்.

புரட்டாசி முடிகிற சமயம். கடல் நிறம் மாறிவிட்டது. படகுகளைக் கரைக்கு ஏற்றிக் கட்டிவிட்டார்கள். மழை எந்த நாளும் வரலாம் என்றார்கள். தரையில் இன்னும் ஏடு படிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு மத்தியானம் செய்யது என் அறைக்கு வந்தார். எப்போதும் ஆளிடம் அனுப்புகிறவர் தாமே வந்திருக்கிறாரே என்று பார்த்தேன். கையில் சாப்பாட்டுப் பாத்திரம் இல்லை.

"காக்கா மவுத்தாயிட்டாக" என்றார். "கொழும்புலேருந்து தந்தி வந்திருக்கு. நேத்தே அடக்கம் பண்ணிட்டாகளாம்."

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு அவர் வீட்டுக்குப் போனோம். கதவுக்கு உள்ளே அழுகுரலாக இருந்தது. சற்று ஓய்ந்ததும் தங்கை கேட்டாள்: "கடைசியா உங்கள்ட்ட என்ன சொன்னாக?"

"சீக்கிரம் வரச் சொன்னார்" என்றேன்.

அடக்கத்தில் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் எடுத்துப் போடுவார்கள். வாழ்நாள் முழுவதும் மண்ணைத் தொட்டுப் பிழைத்தவன் நான். அவர் மேல் அந்த மூன்று பிடியைப் போட நான் அங்கே இல்லை. அவருடைய மண்ணைப் பார்க்க வந்து அவரை விட்டுவிட்டேன். அன்றைக்கு அந்த ஊர் முழுவதும் நடந்தேன். கடற்கரை வழியாகப் போய், உப்பளம் வரை போய்த் திரும்பி வந்தேன். எத்தனையோ பேர் எதிரில் வந்தார்கள். நிறுத்தி, "என் சிநேகிதர் போய்விட்டார்" என்று சொல்ல எனக்கு அங்கே ஒருவரும் இல்லை. திரும்புகிற வழியில் பூங்காக் கதவருகே கருப்பையா நின்றிருந்தார். அவரிடம் மட்டும் சொன்னேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வேறு போக்கிடம் இல்லாததால் பூங்காவுக்குப் போனேன். கதவைத் திறந்தேன். தரையெல்லாம் சருகு. ராத்திரி அடித்த காற்றில் வேம்பும் புங்கமும் உதிர்த்தது உதிர்த்தபடி கிடந்தது. கட்டிகள் கட்டிகளாகவே இருந்தன. சாணி வாளி குடிசைச் சுவரில் கவிழ்த்து வைத்திருந்தது. வெள்ளையம்மாள் குடிசை வாசலில் தலையை முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உடம்புக்குச் சரியில்லையா தாயி?"

"எனக்கென்ன" என்றாள். "எழவு விழுந்த எடத்துல வாசத் தெளிக்க மாட்டோம்யா எங்க பக்கம். எடத்துக்காரரு போயிட்டாரு. அவுக ஆத்தா கெணறு இது. இதுல போயி நான் எப்படித் தெளிச்சுக் கூட்ட?"

நான் சருகின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் தடுக்கவில்லை. அந்தச் சீமையில் பெண்கள் செய்வது போல எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்து அவளும் அழுதாள். அவரை அவள் பார்த்ததுகூட இல்லை.

"அவுகள்ல எத்தன நாளு துக்கம் காப்பாக?" என்று கேட்டாள் பிறகு.

"நாற்பது."

"அப்ப நாப்பது நாளு கெடக்கட்டும்" என்றாள்.

மழை அந்த நாற்பதுக்குள் வந்தது. ஒரு முற்பகலில் வானம் இருண்டு, காற்று நின்று, பிறகு கொட்ட ஆரம்பித்தது. கடைத் தெருவில் ஒவ்வொருவரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். அரிசிக் கடைக்காரர் மூட்டைகளைப் பெஞ்சு மேல் ஏற்றினார். பிரசிடெண்டு குடையோடு வந்து பூங்காக் கதவுக்கு எதிரில் நின்றார். நானும் கருப்பையாவும் உள்ளே குடிசைச் சாய்ப்பில் நின்றோம்.

முதலில் சருகு நனைந்து படிந்தது. பிறகு அங்கங்கே குட்டை கட்டியது. கருப்பையா என் தோளைப் பிடித்துக்கொண்டார். குட்டைகள் பெருகிக் கதவை நோக்கி நகரும் என்று பார்த்தோம். நகரவில்லை. நின்ற இடத்திலேயே குமிழி விட்டன. தண்ணீர் கீழே போகும்போது மண்ணுக்குள் இருந்த காற்று மேலே வருகிறது. பிறகு குட்டைகள் சுருங்கின. வானத்திலிருந்து எவ்வளவு கொட்டியதோ அவ்வளவையும் தரை வாங்கிக்கொண்டே இருந்தது.

"எங்கனய்யா போகுது இம்புட்டும்?" என்றார் கருப்பையா. தண்ணீரைத் தொலைத்துவிட்டவர் போலத் தேடினார். இறங்கிப் போய்க் கட்டிகளுக்கு இடையில் கையை விட்டுப் பார்த்தார். முழங்கைவரை சேறாகத் திரும்பி வந்து சிரித்தார்.

தெருவுக்குக் கதவடியில் கைப்பிடி அகலத்துக்குக் கசிந்ததே தவிர ஓடவில்லை. பிரசிடெண்டு வெகு நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டி, "சரிய்யா, பூங்கா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அரிசிக் கடைக்காரர் கைதட்டினார்.

கிணறு உடனே இனித்துவிடவில்லை. மழை விட்டதும் ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தேன், கரிக்கத்தான் செய்தது. இப்படி இன்னும் சில மழைக்காலம் உள்ளே இறங்கினால்தான் உப்பு கீழே போகும். அதனால் என்ன? மரைக்காயரின் பூங்கா பிழைத்துவிட்டது. முதல் குட்டை குமிழி விட்டபோது இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று மனது வாக்கியம் கட்ட ஆரம்பித்துவிட்டது. சிங்களவர் பேச்சிலிருந்து தொடங்கி உப்பு டீ, இரண்டு இட்லி, பிரசிடெண்டிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது என்று வரிசையாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வாய்வரை வந்து நின்றது. வாழ்க்கையில் எனக்கு நடந்த நல்ல காரியங்களில் இது பெரியது. கேட்க ஆள் இல்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிச் செய்யது வீட்டில் ஊரைக் கூட்டிச் சோறு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் பூங்கா வழியாக வந்தேன். மக்கிய சருகுக்கு அடியில் பச்சையாகப் புல் தலை நீட்டியிருந்தது. வெள்ளையம்மாள் கையில் விளக்குமாற்றோடு கிணற்றடியில் நின்றிருந்தாள். எனக்காகத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது.

"அவுகளுக்கு முடிஞ்சு போச்சு. கூட்டட்டுமாய்யா?" என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எத்தன நாளு காப்பீக?" என்றாள்.

"தெரியவில்லை தாயி. எனக்கு அவரை விட்டால் யாரும் இல்லை. நாள் கணக்கெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது."

அவள் தரையில் கிடந்த சருகைப் பார்த்தாள்.

"அப்பக் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விளக்குமாற்றைக் கொண்டுபோய்க் குடிசைக்குள் வைத்தாள்.